ஹாஜறாட வீடும் நான் அடிச்ச ‘சரி’யும்

தம்பிமார், தங்கச்சிமார், முதல்ல இந்தப் பொன்னாடைய எடுத்து அங்கால வைங்க. வெக்கையில கழுத்துப் புழுங்குது. பொன்னாடை போத்திட்டா மனுசி நல்லதா நாலு வார்த்தை கதைச்சிட்டுப் போவா எண்டு நினைச்சிருப்பீங்க. நான் ஏசத்தான் வந்திருக்கன்.

இந்தத் தொண்டர் கூட்டத்தை நடத்துற புள்ள என்னை அறிமுகப்படுத்தக்குள்ள என்ன சொன்னா? “ஒரு சதமும் வாங்காம ஊருக்கு உழைச்சவ” எண்டா. நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. கூலிக்குச் செய்யுறவன் பிழை விட்டா கூலிய வெட்டுவாங்க. சும்மா செய்யுறவன் பிழை விட்டா என்ன செய்வாங்க? “பாவம், நல்ல மனசு” எண்டு சொல்லி தேத்தண்ணி குடுத்து அனுப்புவாங்க. அந்த நல்ல மனசால ஒரு பொம்புளைட வீடு போச்சு. போக்கினது நான். முழுக்கக் கேட்டுட்டு, மறுகா வேணுமெண்டா கை தட்டுங்க.

என்னைத் தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். நான் மருதமுனை. கல்முனையில ஒரு நொத்தாரிசு ஐயாட கந்தோரில இருபத்தாறு வருஷம் டைப் அடிச்சவ. காணி உறுதி, அதுதான் காணிப் பத்திரம், எழுதுறதுதான் அந்த ஒப்பீசில எங்கட வேலை. ஐயா பாண்டிருப்புப் பக்கம், சைவ ஆள். சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாத மனுசன். அவருக்கும் சேர்த்து நான் சத்தம் போட்டன் எண்டு வைங்களன். நாங்க எழுதின உறுதியில பாதிக்கு மேல சீதன உறுதி.

வெளியூர்ப் புள்ளைகளும் இருக்கிறதால விளங்கப்படுத்துறன். எங்கட கரையில பொம்புளப் புள்ள பொறந்தா தாய் தகப்பன் முதல்ல யோசிக்கிறது வீடு. கலியாணம் பேசி முடிய வீட்டை அவட பேருக்கு எழுதுவாங்க. உம்மா பின்வளவில ஒரு சின்ன அறைக்குப் போயிடுவா. மாப்பிள ஒரு சூட்கேசோட வருவார். சண்டை புடிச்சா அதே சூட்கேசோட போவார். வீடு இருந்த இடத்தில இருக்கும். முஸ்லிம் ஊரும் அப்பிடித்தான், பக்கத்துத் தமிழ் ஊரும் அப்பிடித்தான். இது நல்லதா கெட்டதா எண்டு பட்டிமன்றம் வைக்க நான் வரல்ல. புள்ளைக்கு வீடு குடுக்க வாயக் கட்டி வயித்தக் கட்டிக் கிடந்த உம்மாமார நான் எத்தினயோ பேரைக் கண்டவ. ஆனா வீடு ஆருட எண்டு கேட்டா எங்கட ஊர்ல நடக்கப் பழகுற புள்ளையும் “உம்மாட” எண்டு சொல்லும்.

இன்னொண்டும் கேட்டு வைங்க. உறுதியில ஒரு சொல் பிழைச்சா நாங்க அழிச்சிட்டுச் சும்மா விட மாட்டம். கடைசிப் பக்கத்தில ஐயா எழுதுவார்: இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரியில இந்தச் சொல் வெட்டப்பட்டு இந்தச் சொல் எழுதப்பட்டது எண்டு. அதுக்குக் கீழ அவர்ட கையெழுத்து. நூறு வருஷம் கழிச்சு வாறவனும் என்ன மாத்தினது, ஆர் பொறுப்பு எண்டு பார்க்கலாம். இப்பிடி வேலை பழகின கைதான் என்ட கை. அதாலதான் எனக்கு என்னில இவ்வளவு ஆத்திரம்.

சுனாமியில கடல் வந்த கதைய நான் சொல்ல மாட்டன். சொல்ல வாய் வராது. மையித்துகளை அடக்கி முடியுறதுக்குள்ள, ஆர் தப்பினது, ஆருட வீடு போனது எண்டு லிஸ்ட் எழுதுற வேலை தொடங்கிட்டு. எங்கட கந்தோர் மெயின் ரோட்டுக்கு மேற்கால இருந்ததால தண்ணி வரல்ல. டெலிபோன் லைனும் கெதியா வந்திட்டு. ஐயா முன்னறையைத் திறந்து விட்டார். நானும் ஊர்ப் புள்ளைகள் மூண்டு பேரும் கம்பியூட்டருக்கு முன்னால குந்தினம்.

வெளிநாடுகள்ள இருந்த கொஞ்சப் பேர் இணையத்தில ஒரு பொது லிஸ்ட் திறந்திருந்தாங்க. ஆரும் பார்க்கலாம், ஆரும் எழுதலாம், ஆரும் திருத்தலாம். ஒருத்தருக்கும் சம்பளம் இல்ல. அதைக் கொண்டு நடத்தினது கனடாவில இருந்த ஒரு தமிழ்த் தம்பி. பேர் வேணாம், கனடாத் தம்பி எண்டே சொல்லுறன். இண்டைக்கு வரைக்கும் நான் அவர்ட முகம் கண்டதில்ல. குரல் மட்டும் தெரியும். தங்கமான குரல்.

முதல் கிழமைகள்ள அந்த லிஸ்ட் செஞ்ச வேலைய நான் மறைக்க மாட்டன். தோஹாவில ஒரு மகன், உம்மா மவுத்து எண்டு கேள்விப்பட்டு அங்க பள்ளியில தொழுகையும் வைச்சிட்டான். நாங்க அடிச்ச ஒரு வரியில உம்மாட பேரைக் கண்டு, கந்தோருக்கு டெலிபோன் கோல் எடுத்து, கதைக்க ஏலாம மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு நிண்டான். நான் இஞ்சால இருந்து அழுதன். முகந்தெரியாத ஆக்கள் சேர்ந்து செய்யுற வேலைக்கு அந்தப் பெலன் இருக்கு. இல்லையெண்டு சொல்லுறவன் பொய்யன்.

ஆனா அதோட இன்னொண்டும் நடந்திச்சு. எங்கட லிஸ்ட் கெதியாவும் கிடைச்சிது, சும்மாவும் கிடைச்சிது. வீடு வீடாப் போய் எழுத சம்பளத்துக்கு ஆள் எடுக்க இருந்தவங்க, “அதுதான் லிஸ்ட் இருக்கே” எண்டு நிப்பாட்டிட்டாங்க. படிச்சிட்டு வீட்டில இருந்த எங்கட புள்ளைகளுக்கு வர இருந்த உழைப்புப் போச்சு. அது ஒரு பக்கம். வாசல்ல நிண்டு ஆள்ட முகத்தைப் பார்த்துக் கேட்டு எழுதுற கண்ணும் போச்சு. சும்மா கிடைக்கிற சாமானுக்கு இப்பிடியும் ஒரு விலை இருக்கெண்டு அந்த நேரம் எனக்கு விளங்கல்ல.

இப்ப ஹாஜறாட கதைக்கு வாறன். என்னை விட அஞ்சாறு வயசு குறைஞ்சவ. குவைத்தில ஏழு வருஷம் வீட்டு வேலை செஞ்சு, ஊர்ல கடற்கரை ரோட்டில ஒரு கல்வீடு கட்டினா. ஒரே மகள், றிஸ்னா. வீடு அவளுக்கெண்டுதான். புள்ள சின்னன் எண்டதால ஹாஜறாட பேரிலயே உறுதி எழுதினம். அடிச்சது நான். ஐயா, “வாசிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்து வைங்க தங்கச்சி” எண்டு சொல்ல, அவ என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டு, “ராத்தா அடிச்சா சரிதானே ஐயா” எண்டு பார்க்காமலே கையெழுத்து வைச்சா.

புருஷன் எண்டு ஒருத்தர் இருந்தார். அவ குவைத்தில இருக்கக்குள்ளயே தெற்கால வேற ஊர்ல இன்னொரு குடும்பம் நடத்தப் போனவர். தலாக்கும் சொல்லல்ல, சதமும் அனுப்பல்ல. அந்த வீட்டுக்கு ஒரு கல்லும் தூக்கி வைச்சவரில்ல.

கடல் அந்த வீட்டை அத்திவாரம் வரைக்கும் வழிச்சிட்டு. ஹாஜறாட உம்மாவும் போயிட்டா. கையப் புடிச்சிருந்த இடத்தில இருந்தே போயிட்டா. றிஸ்னாக்கு அந்த நேரம் பதினாலு வயசு. தாயும் மகளும் பள்ளிக்கூடத்து முகாமில இருந்தாங்க. அங்கயிருந்துதான் ஹாஜறா எங்கட கந்தோருக்குப் பதிய வந்தா.

“குடும்பத் தலைவர் பேர்?” எண்டு கேட்டன். லிஸ்டில அப்பிடித்தான் ஒரு கட்டம் இருந்திச்சு.

“என்ன ராத்தா கேட்கிறீங்க? வீடு என்ட. உறுதி அடிச்ச ஆளே நீங்கதான். என்ட பேரைப் போடுங்க.”

“ஓம் புள்ள, உங்கட பேரைத்தான் போடுறன்.”

போட்டன். அவ போகாம நிண்டா. “ராத்தா, எனக்கு மாளிகை வேணாம். கடல் சத்தம் கேட்காத இடத்தில ஒரு கூடு கிடைச்சாக் காணும். இந்தப் புள்ளைய அதுல வைச்சுக் கலியாணம் முடிச்சுக் குடுத்திடுவன்” எண்டா. “எல்லாம் சரி வரும், இன்ஷா அல்லாஹ்” எண்டன். வாய்க்கு என்ன, சும்மா வரும்.

அடுத்த மாசம் ஒரு காரியம் நடந்திச்சு. வெளிநாட்டில ஒரு தர்ம அமைப்பு எங்கட லிஸ்டைப் பார்த்துத்தான் வீடு கட்டிக் குடுக்கப் போறதெண்டு சொல்லிட்டு. அந்த நேரம் பார்த்து எங்களுக்கு ரெண்டு நாள் கரண்டும் இல்ல, லைனும் இல்ல. மூண்டாம் நாள் பகல் லைன் வந்து திறந்து பார்க்கிறன், ஒரு தீர்மானம் எழுதிக் கிடக்கு. குடும்பத் தலைவர் எண்ட கட்டத்தில எல்லா ஊரும் ஒரே மாதிரி எழுத வேணுமாம். புருஷன் உயிரோட இருந்தா புருஷன்ட பேராம். பன்னிரண்டு பேர் சம்மதம் எண்டு எழுதியிருந்தாங்க. பன்னிரண்டு பேரில ஒருத்தரும் கல்முனைய வரைபடத்தில தவிர வேற எங்கயும் கண்டவங்க இல்ல. அடியில ஒருத்தர் எழுதியிருந்தார்: “கருத்துச் சொல்ல ரெண்டு நாள் குடுத்தோம். கிழக்கிலிருந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை.”

கரண்ட் இல்லாதவன் ஒண்டும் சொல்லல்லயாம்! ஒண்டும் சொல்லாதவன் சம்மதமாம்!

கனடாத் தம்பி கோல் எடுத்தார். “அக்கா, பின்னேரம் அஞ்சு மணிக்கு அவங்க லிஸ்டை எடுக்கிறாங்க. அந்தக் கட்டம் ஒரே மாதிரி இல்லாட்டி உங்கட ஊரை அப்பிடியே ஒதுக்கிப்போட்டு அடுத்த மாவட்டத்துக்குப் போயிடுவாங்க.”

“தம்பி, இஞ்ச வீடு பொம்புளைகள்ட. புருஷன்ட பேருக்கு எழுதினா வீடு அவனுக்குப் போகும்.”

“எனக்கு விளங்குது அக்கா. ஆனா எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. நான் தனிய மாத்த ஏலாது. இது லிஸ்ட்தானே, உறுதி இல்லையே. எப்பவும் திருத்தலாம்.”

எப்பவும் திருத்தலாம். இந்த ரெண்டு சொல்லையும் மனசில எழுதி வைங்க.

மணி மூண்டு. ஐயா உள்ளறையால வந்து, கண்ணாடிய மூக்கில இறக்கி திரையைப் பார்த்தார். “புள்ள, இதுக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது?” எண்டு கேட்டார்.

நான் அவரில பாய்ஞ்சன். “ஐயா, இது உறுதி இல்ல, லிஸ்ட். நேரமில்ல, போங்க” எண்டன். இருபத்தாறு வருஷத்தில வேற ஒருநாளும் அந்த மனுசன்ட முகத்துக்கு நேரே நான் அப்பிடிக் கதைச்சதில்ல. அவர் உள்ள போயிட்டார்.

தீர்மானத்துக்குக் கீழ நான் ஒரு சொல் அடிச்சன். ‘சரி’. மறுகா நான் பதிஞ்ச மூண்டு ரோட்டுப் பொம்புளைகள்ட பேரையும் ஒண்டொண்டா அழிச்சு, புருஷன்மார்ட பேரைப் போட்டன். ஹாஜறாட வரியும் வந்திச்சு. என்ட விரல் ஒரு நிமிசம் நிண்டிச்சு. ஒரு ஆளுக்காக ஊரை விடுறதா எண்டு மனசு சொல்லிச்சு. அடிச்சிட்டன். அஞ்சு மணிக்குப் பத்து நிமிசம் இருக்க எல்லாம் முடிஞ்சிது. புள்ளைகள் சந்தோசத்தில பாலூத்தித் தேத்தண்ணி போட்டாங்க. நானும் குடிச்சன்.

இப்ப நீங்க, “ராத்தா, உங்களுக்கு வேற வழி இருக்கல்லயே” எண்டு சொல்லுவீங்க. எனக்கும் அப்பிடித்தான் கன வருஷம் ஆறுதல் சொன்னாங்க. வழி இருந்திச்சு! “நான் மாத்த மாட்டன். மாத்த வேணுமெண்டா பன்னிரண்டு பேரில ஒருத்தர் தன்ட கையால மாத்தி, தன்ட முழுப்பேரையும் ஊரையும் கீழ போடட்டும்” எண்டு எழுதியிருந்தா காணும். ஒருத்தரும் போட்டிருக்க மாட்டாங்க. கூட்டத்துக்குள்ள நிண்டு சம்மதம் சொல்ல வலிய வாறவன், தனியப் பேர் போடச் சொன்னாப் பின்வாங்குவான். அஞ்சு மணி எண்டு ஒருத்தர் சொன்னா அது அஞ்சரையாகும், ஆறாகும். அவங்களுக்கும் வீடு கட்டிப் படம் புடிக்க ஒரு ஊர் வேணுமே. அண்டைக்கு ஒரு மணித்தியாலம் அந்தச் ‘சரி’ய அடிக்காம இருந்திருந்தா அவங்கதான் எனக்குப் பின்னால வந்திருப்பாங்க. அவசரம் எண்டு சொல்லுறவன்ட அவசரம் ஆருட அவசரம் எண்டு கேளுங்க. நான் கேட்கல்ல.

வீடு கட்டி முடிய ஒரு வருஷத்துக்கு மேல போச்சு. மேற்கால, வயல் நிரப்பின காணி. கடல் சத்தம் துப்புரவாக் கேட்காது. ஹாஜறா கிழமைக்கு ஒருக்கா நடந்து போய், செவர் எவ்வளவு எழும்பியிருக்கெண்டு பார்த்துட்டு வருவாவாம். எந்த வீடு எண்டு நம்பரும் சொல்லியிருந்தாங்க. வளவில முருங்கைக் கம்பு ஒண்டும் நட்டிருந்தா.

லிஸ்ட் இணையத்தில ஆரும் பார்க்கக் கிடந்திச்சே. புருஷன்ட சகோதரிட மகன் ஒருத்தன் சவூதியில இருந்து தற்செயலாப் பார்த்து, “மாமா, உங்கட பேருக்கு வீடு வந்திருக்கு” எண்டு கோல் எடுத்திருக்கான். தோஹாவில இருந்த மகனுக்கு உம்மாவக் காட்டின அதே லிஸ்ட்தான் இவருக்கு வீட்டையும் காட்டிக் குடுத்திச்சு. திறப்புக் குடுக்கிற அண்டு அந்த மனுசன் வெள்ளைச் சேட்டோட, அடையாள அட்டையோட வந்து நிண்டார். பேரைக் கூப்பிட்டாங்க. போய்ச் சாவிய வாங்கினார். படமும் புடிச்சாங்க. ஹாஜறாவும் றிஸ்னாவும் பின்வரிசைக் கதிரையில இருந்தாங்க. அடுத்த கிழமை அவர்ட மற்றக் குடும்பம் அந்த வீட்டில குடி வந்திட்டு.

ஹாஜறா கந்தோருக்கு வந்தா. சத்தம் போடுவா எண்டு நினைச்சன். போடல்ல.

“ராத்தா, என்ட பேரைப் போட்டன் எண்டு சொன்னீங்களே.”

“போட்டன் புள்ள. மறுகா... மாத்தச் சொன்னாங்க.”

“ஆர் சொன்னது?”

“வெளிநாட்டில. பன்னிரண்டு பேர்.”

“அவங்கட கையா மாத்தினது?”

நான் மேசையில கிடந்த கடதாசிகளை அடுக்கினன்.

“ஆருட கை ராத்தா?”

“என்ட கைதான்.”

அவ என்ட கையைப் பார்த்தா. முகத்தைப் பார்க்கல்ல. அந்த நேரம்தான் எனக்கு உறைச்சிது, நான் இருக்கிற கதிரைக்குப் பின்னால ஐயாட அலுமாரி. அதுக்குள்ள ஹாஜறாட உறுதியின்ட கந்தோர்ப் பிரதி. அவட பேரை அழிச்ச நேரம் அது என்ட முதுகில இருந்து ஒரு எட்டுத் தூரத்தில இருந்திருக்கு. கையை நீட்டியிருந்தா எட்டியிருக்கும். நான் திரையை மட்டும்தான் பார்த்திருக்கன்.

பிரதிய எடுத்துக்கொண்டு கந்தோர் கந்தோரா ஏறினன். “இது கடற்கரைப் பழைய காணி. புதுக்காணி லிஸ்ட்படி குடுத்தது” எண்டாங்க. லிஸ்ட் ஆருட எண்டு கேட்டா, “இணையத்தில பொதுமக்கள் சேர்ந்து செஞ்சது” எண்டாங்க. தர்ம அமைப்புக்கு எழுதினம். “உள்ளூர்த் தன்னார்வலர்கள் உறுதிப்படுத்திய விபரம்” எண்டு பதில் வந்திச்சு. உள்ளூர்த் தன்னார்வலர் எண்டா ஆரு? நான்! சுத்திச் சுத்தி வந்து என்ட வாசல்லயே நிக்குது. ஐயா சட்டத்தரணியும் எண்டதால ஒரு சதமும் வாங்காம வழக்குப் பேசினார். பத்திரம் புருஷன்ட பேரில எண்டு வழக்கும் படுத்திட்டு. பள்ளிவாசல்ல ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டாங்க. “ஒரு அறை தாறன், வந்து இருக்கட்டும்” எண்டு அந்த ஆள் பெரிய மனசு காட்டினார். ஹாஜறா எழும்பி வந்திட்டா.

லிஸ்டில நான் அவட பேரைத் திரும்பப் போட்டன். அடுத்த நாள் ஆரோ அழிச்சிருந்தாங்க. மறுகா போட்டன். மறுகா அழிச்சாங்க. மூண்டாம் தரம், தீர்மானத்துக்கு மாறாத் திருத்துறன் எண்டு என்னையே வெளிய போட்டாங்க. எப்பவும் திருத்தலாம் எண்டாங்களே!

கனடாத் தம்பி கோலில அழுதார். “அக்கா, நாங்க எல்லாரும் சும்மா செஞ்ச வேலை. வேலை முடிஞ்சு வந்து, நித்திரை முழிச்சு, நல்லது செய்ய வேணுமெண்டுதான் செஞ்சம். ஆரையும் குறை சொல்ல வேணாம்” எண்டார். அவர் நல்லவர், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நான் சொன்னன்: “தம்பி, எங்கட கரையில கரைவலைக் கயிறு நாப்பது பேர் சேர்ந்துதான் இழுக்கிறாங்க. ஆனா வலை கிழிஞ்சா, ஆள் கடல்ல தாண்டா, இந்தா நான் எண்டு சொல்ல ஒரு ஆள் நிக்கிறார். உங்கட கயிறில அந்த ஆள் ஆரு?” கோலை வைச்சிட்டன்.

இது ஒரு ஹாஜறாட கதை எண்டு நினைக்காதீங்க. புருஷனோட ஒண்டா இருந்த வீடுகள்ளயும் வீடு ஆம்பிளைட பேருக்குப் போச்சு. நல்ல புருஷன்மார் மனிசிட பேருக்கு மாத்தப் போனா, இத்தினை வருஷத்துக்குக் கைமாத்தப்படாது எண்டு பத்திரத்தில ஒரு வரி. அதுக்குள்ள பொம்புளப் புள்ளைகள் குமராகிட்டாங்க. “உங்கட புள்ளைக்கு வீடு எங்க?” எண்டு மாப்பிள வீட்டார் கேட்டா உம்மாமாருக்குப் பதில் இல்ல. பேசி வைச்ச கலியாணம் குழம்பிச்சு. உம்மாமார் திரும்பவும் குவைத்துக்குப் போனாங்க. கன தலைமுறை நிண்ட ஒரு வழக்கத்தை, அதப் பத்தி ஒருத்தரையும் கேட்காம, ‘குடும்பத் தலைவர்’ எண்டு ஒரு கட்டத்தில இருந்த ரெண்டு சொல் புரட்டிப் போட்டிச்சு. மாத்த வேணுமெண்டா ஊர் கூடி, சண்டை புடிச்சு, வேணுமெண்டே மாத்தட்டும். இது ஆரும் வேணுமெண்டு மாத்தினதில்ல. லிஸ்ட் ஒரே மாதிரி இருக்க வேணுமெண்டு மாத்தினது.

மறுகா யுத்தம் முடிஞ்ச வருஷம் வந்திச்சு. வடக்கில சனம் கம்பி வேலிக்குள்ள. கனடாத் தம்பி திரும்பவும் எழுதினார். முகாம் சனத்துக்கு லிஸ்ட் தொடங்குறமாம், நானும் வரவேணுமாம். கூடவே மாதிரிப் படிவம் ஒண்டு. திறந்து பார்க்கிறன், ரெண்டாவது கட்டம்: குடும்பத் தலைவர். எனக்கு வந்த கோபத்தில கம்பியூட்டரைத் தூக்கி ரோட்டில எறிஞ்சிருப்பன். எறியல்ல. பதில் எழுதினன். அந்தக் கட்டத்தை எடுங்க. ‘இருந்த வீடு ஆருட?’ எண்டு கேளுங்க, சனம் என்ன சொல்லுதோ அத எழுதுங்க. ஒரு வரிய மாத்துறவர் தன்ட உண்மைப் பேரையும், என்னத்தை மாத்தினது எண்டும் கீழ எழுத வேணும். எழுதாத லிஸ்டில என்ட விரல் படாது. ஏழு பேர் இது நடைமுறைக்குச் சரி வராது எண்டாங்க. நான் அசையல்ல. ரெண்டு கிழமைக்குப் பிறகு சம்மதிச்சாங்க. அதுக்குப் பிறகுதான் உங்களைப் போல புள்ளைகளோட பத்து வருஷத்துக்கு மேல இந்த வேலையில இருந்தன். நீங்க இண்டைக்கு ஒவ்வொரு வரிக்குக் கீழயும் பேர் போடுறீங்களே, கரைச்சல் புடிச்ச வேலை எண்டு புறுபுறுக்கிறீங்களே, அது இப்பிடித்தான் வந்திச்சு.

அந்தப் பதிலை நான் அனுப்பின அதே கிழமைதான் ஹாஜறா கந்தோர்ப் படி ஏறி வந்தா. கடற்கரையில கட்டப்படாது எண்ட சட்டம் கொஞ்சம் தளர்ந்திருந்திச்சு. பழைய அத்திவாரத்துக்கு மேலயே, மூண்டு வருஷமா மற்ற வீடுகள்ள உடுப்புக் கழுவி, ரெண்டு அறை எழுப்பியிருந்தா. அந்தப் பழைய உறுதி மட்டும்தான் அவட கையில மிஞ்சினது. தன்ட உம்மாவக் கடல் இழுத்த அதே வளவு. “உம்மா காதில பஞ்சு வைச்சிட்டுத்தான் படுக்கிற” எண்டு றிஸ்னா எனக்குச் சொன்னா. கடல் சத்தம் கேட்காத இடம் ஒண்டு கேட்டவ. அவ்வளவுதான் கேட்டவ!

றிஸ்னாக்குக் கலியாணம் பேசியிருந்தாங்க. வீட்டை மகள்ட பேருக்கு எழுத வந்திருந்தா. வேற நொத்தாரிசும் ஊர்ல இருந்தாங்க, ஏன் என்னட்ட வந்தா எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியா. ஐயா சொல்லச் சொல்ல நான் அடிச்சன். ஒவ்வொரு சொல்லையும் ரெண்டு தரம் பார்த்து அடிச்சன். அச்செடுத்து அவக்கு முன்னால வைச்சன்.

“ராத்தா, இதுல ஆரும் வந்து மாத்த ஏலாதே?”

“ஏலாது புள்ள.”

“வெளிநாட்டில இருக்கிறவங்க?”

“அவங்களுக்கும் ஏலாது.”

அவ “நீங்களும்?” எண்டு கேட்டா.

“என்னாலயும் ஏலாது” எண்டன்.

ஐயா பேனையை நீட்டினார். ஹாஜறா வாங்கல்ல. கடதாசிய தன்ட பக்கம் இழுத்து, முதல் வரியில விரலை வைச்சு, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினா. மூண்டு பக்கம். முழுக்க வாசிச்சு முடியுமட்டும் நானும் ஐயாவும் பார்த்துக்கொண்டு இருந்தம். அதுக்குப் பிறகுதான் கையெழுத்து வைச்சா.